மூன்று தாளில் ஒரே சொல்: ‘ஈக்விட்டி’யைத் தமிழில் எப்படி எழுதுவது?

கேள்வி: ஐயா, வணக்கம். அம்பாசமுத்திரத்தில் ஒரு வக்கீல் ஆபீசுக்கும் வெளியாட்களுக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழில் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். இந்த மாதம் வந்த மூன்று தாள்களிலும் ‘ஈக்விட்டி’ என்ற சொல் இருந்தது. முதல் தாள், கல்லிடைக்குறிச்சி வீட்டுமனை ஒன்றின் பாகப்பிரிவினை வழக்கில் முதல்நிலைத் தீர்ப்பாணை. தரப்பினரின் ‘ஈக்விட்டீஸ்’ இறுதித் தீர்ப்பாணையின்போது கணக்கிடப்படும் என்று ஒரு வரி. இரண்டாவது, ‘ஈக்விட்டி ஃபண்ட்’ பற்றிய முதலீட்டுக் குறிப்பு. மூன்றாவது, பாசன விவசாயிகளுக்கான பயிற்சிக் கையேடு. ‘ஈக்வாலிட்டி போதாது, ஈக்விட்டி வேண்டும்’ என்கிறது. மூன்றிலும் ‘சமத்துவம்’ என்றே போட்டேன். வக்கீல் அண்ணாச்சி படித்துவிட்டுச் சிரித்தார். கையேட்டுக்காரர்களோ, “சமத்துவம் போதாது, சமத்துவம் வேண்டும்னு எழுதியிருக்கீங்களே” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்? எங்கிருந்து வந்தது? எல்லா இடத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே தமிழ்ச் சொல் கிடையாதா?

— ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ஒரே தமிழ்ச் சொல் கிடையாது. தேடிப் பிடித்துப் போட்டாலும் மூன்று தாளில் இரண்டு தாள் தப்பாகத்தான் பேசும். ஆனால் ஆங்கிலத்தில் இது மூன்று சொல் அல்ல, ஒன்றேதான். ஒரு வேரிலிருந்து கிளம்பிக் கோர்ட்டுக்குள் நுழைந்து, அங்கிருந்து அடமானப் பத்திரத்துக்குப் போய், பிறகு பங்குச் சந்தைக்கு வந்தது. வந்த வழி தெரிந்துவிட்டால், எந்தத் தாளுக்கு எந்தத் தமிழ் என்பதில் குழப்பம் இருக்காது.

வேர்ச்சொல் லத்தீனில் ‘ஐக்வஸ்’. மட்டமான, மேடுபள்ளம் இல்லாத என்று பொருள். கொத்தனார் தளம் போட்டதும் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கிறாரே, குமிழி நடுவில் நின்றால் ‘மட்டம் சரி’ என்கிறாரே, அந்த மட்டம்தான். இதிலிருந்து ‘ஐக்விட்டாஸ்’ என்ற பெயர்ச்சொல் உண்டாகி, பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் ஏறியது. ஈக்வல், ஈக்வேஷன், ஈக்வேட்டர், பகலும் இரவும் சமமாகும் நாளைக் குறிக்கும் ஈக்வினாக்ஸ், போதுமான என்ற பொருளில் வரும் ‘அடிக்வேட்’ எல்லாம் இதே வயிற்றுப் பிள்ளைகள். உச்சரிப்பில் மட்டும் ஒரு சின்ன விஷயம். ‘ஈக்வல்’ என்பதற்கு நெடில். ‘எக்விட்டி’ என்பதற்குக் குறில். ஆங்கிலேயர் வாயில் வருவது ‘எக்விட்டி’தான். தமிழில் ‘ஈக்விட்டி’ என்று எழுதிப் பழகிவிட்டது. நானும் அப்படியே எழுதுகிறேன். தமிழ்க் காதில் இதையும் ஈக்வலையும் ஒட்டவைப்பதில் அந்த நெடிலுக்கும் ஒரு பங்கு உண்டு என்று எனக்குத் தோன்றும்.

வேர் ‘மட்டம்’ என்றால், பொருளும் ‘சமம்’தானே என்று கேட்பீர்கள். அங்கேதான் கிரேக்கம் குறுக்கே வருகிறது. அரிஸ்டாட்டில் தம் அறநூலின் ஐந்தாம் பகுதியில் ‘எபியெய்கெயா’ என்ற குணத்தைப் பற்றிப் பேசுகிறார். சட்டம் எல்லாருக்கும் பொதுவாகப் பேசும். வழக்கோ தனித்தனியாக வரும். பொதுவாகப் பேசியதாலேயே சட்டம் சில இடங்களில் பிசகும். அந்தப் பிசகைத் திருத்துவதுதான் இந்தக் குணம் என்கிறார். அதற்கு அவர் சொல்லும் உவமை லெஸ்போஸ் தீவுக் கட்டடக்காரர்களின் ஈயக் கோல். கல் ஒழுங்கில்லாமல் இருந்தால் விறைப்பான கோலை வைத்து அளக்க முடியாது. ஈயக் கோல் கல்லின் வடிவத்துக்கு வளைந்து கொடுக்கும். ஈக்விட்டி என்ற சொல்லுக்குள் பின்னாளில் வந்து குடியேறிய கருத்து இந்த வளையும் கோல்.

தமிழில் மொழிபெயர்க்கிறவருக்கு இது ஏன் இடறுகிறது என்பது இப்போது தெரியும். நம் மொழியில் நியாயம் என்றாலே வளையாத கோல். செங்கோல், கொடுங்கோல், கோடாமை, கோணல் எல்லாம் அந்த ஒரே படத்திலிருந்து வந்தவை. வளைந்தால் ஓரவஞ்சனை. திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரம் முழுக்க இந்தப் பிடிவாதம்தான். ஆனால் அதே அதிகாரத்தில் 118ஆம் குறள் ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்று ஒரு படி சேர்த்துச் சொல்கிறது. சீர்தூக்குவதற்கு முன்னால் சமன் செய்தாக வேண்டும். பழைய கைத்தராசில் ஒரு தட்டு தாழ்ந்து நின்றால், மேலே நிற்கிற தட்டில் ஒரு சின்னக் கல்லைக் கட்டிச் சரிபண்ணிவிட்டுத்தான் சாமானைப் போடுவார்கள். அந்தச் சின்னக் கல்தான் ஈக்விட்டி. ‘ஒரு தட்டுக்கு மட்டும் ஏன் கல்?’ என்று கேட்பவருக்குத் தராசின் கோணல் கண்ணில் படவில்லை என்று அர்த்தம்.

இனி உங்கள் முதல் தாள். கோர்ட்டுத் தமிழில் இந்தச் சொல்லைத் தொடுவதற்கு முன் இங்கிலாந்தில் நடந்ததைச் சுருக்கமாகவாவது தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே இடைக்காலத்துப் பொதுச்சட்ட நீதிமன்றங்களில் வழக்கு ஒரு குறிப்பிட்ட ‘ரிட்’ (வழக்கைத் தொடங்கிவைக்கும் அரசாணை) வடிவத்துக்குள் அடங்கினால்தான் எடுப்பார்கள். எடுத்தாலும் பெரும்பாலும் பணமாக நஷ்டஈடு மட்டும்தான். நிலத்தைத் தருவதாக ஒப்புக்கொண்டவன் தராவிட்டால், ‘கொடு’ என்று அவனை அந்த நீதிமன்றத்தால் நெருக்க முடியாது. இப்படி வழியில்லாமல் போனவர்கள் அரசருக்கு மனுப் போட்டார்கள். அரசர் அவற்றைத் தம் மூத்த அதிகாரியான சான்சலரிடம் தள்ளிவிட்டார். காலப்போக்கில் சான்சரி என்று தனி நீதிமன்றமே உருவானது. தடையுத்தரவு, ‘ஒப்பந்தப்படி செய்’ என்ற கட்டளை, ஒருவர் பேரில் இருக்கும் சொத்தை இன்னொருவர் நன்மைக்காக நடத்தும் டிரஸ்ட் எல்லாம் அங்கே வளர்ந்தவை. இரண்டு நீதிமன்றமும் முட்டிக்கொண்டபோது, 1616இல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் சான்சரி பக்கம் முடிவு சொன்னார். கேலியும் இல்லாமல் இல்லை. சான்சலரின் மனச்சாட்சியை அளவாக வைப்பது, அவருடைய பாதத்தின் நீளத்தையே ‘ஓரடி’ என்று வைப்பது மாதிரி. ஒரு சான்சலருக்கு நீளப் பாதம், இன்னொருவருக்குக் குட்டைப் பாதம் என்றார் சட்ட அறிஞர் ஜான் செல்டன். 1873–75 சட்டங்களில் இரண்டு நீதிமன்றமும் ஒன்றாயின.

நம் பக்கத்து ஊர்க் கோர்ட்டுகளில் இந்தப் பிரிவே இருந்ததில்லை. சட்டம் வாய்மூடும் இடத்தில் ‘நீதி, ஈக்விட்டி, நல்ல மனச்சாட்சி’ ஆகியவற்றின்படி தீர்ப்புச் சொல் என்பது கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்து வந்த சூத்திரம். அதே முன்சீபுதான் இரண்டையும் பார்த்தார். இந்தச் சூத்திரத்தில் வரும் ஈக்விட்டிக்குச் ‘சமநீதி’ என்று எழுதலாம். நீதி என்ற சொல் பக்கத்திலேயே இருப்பதால் காதுக்கு இடித்தால் ‘நடுநிலை’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தீர்ப்பாணையில் இருப்பதோ பன்மை. ‘ஈக்விட்டீஸ்’ என்று பன்மையில் வந்தால் அது ஒரு கொள்கையின் பெயர் அல்ல. இந்த வழக்கில், இந்த ஆட்களுக்குள், ஒருவருக்கொருவர் சரிக்கட்ட வேண்டிய குறிப்பிட்ட நியாயங்கள். முதல்நிலைத் தீர்ப்பாணை ஆளுக்கு எத்தனை பாகம் என்று மட்டும் சொல்லும். எந்தத் துண்டு யாருக்கு என்பதை, கோர்ட் அனுப்பும் கமிஷனர் போய் அளந்து மதிப்புப் போட்ட பிறகு, இறுதித் தீர்ப்பாணை சொல்லும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்த நியாயங்கள் கணக்கில் வருகின்றன.

கணக்கோடு பார்த்தால் புரியும். மனை 12 சென்ட் என்று வையுங்கள், மூன்று பேர். முன்பக்கம் தெருவை ஒட்டிய 4 சென்ட், சென்ட் 5 லட்சம். நடு 4 சென்ட், சென்ட் 4 லட்சம். பின்பக்கம் 4 சென்ட், சென்ட் 3 லட்சம். மொத்தம் 20, 16, 12 ஆக 48 லட்சம். ஆளுக்கு 4 சென்ட் என்று அளந்து கொடுத்தால் அளவு சமம், பாகம் சமமில்லை. ஒரு பாகத்தின் மதிப்பு 16 லட்சம். ஆகவே முன்பக்கத்தை எடுப்பவர் பின்பக்கத்துக்காரருக்கு 4 லட்சம் கொடுக்க வேண்டும். நடுவில் இருப்பவருக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை. இப்படிக் கைமாறும் பணத்துக்கு ஆங்கிலத் தீர்ப்புகளில் ‘ஓவெல்டி’ என்று பெயர். அதுவும் ‘ஐக்வஸ்’ வேரிலிருந்து பிரெஞ்சில் உருமாறி வந்ததுதான். தட்டச்சுப் பிழை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ‘சரிக்கட்டும் தொகை’ என்று எழுதலாம்.

இப்போது மூத்தவர் முன்பக்கத்தில் தம் சொந்தப் பணம் 6 லட்சம் போட்டு, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே ஓர் அறை கட்டியிருக்கிறார் என்றால்? கூடியவரை அந்தத் துண்டையே அவருக்கு ஒதுக்கி, அந்த 6 லட்சத்தைப் பொது மதிப்பில் சேர்க்காமல் விடுவது கோர்ட்டுகளின் வழக்கம். அதுதான் அவர் பக்கத்து ஈக்விட்டி. அந்த 6 லட்சத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மொத்தம் 54, பாகம் 18. அவர் கையில் இருப்பது 26. அப்போது அவர் கொடுக்க வேண்டியது 8 லட்சம். தாம் போட்ட பணத்திலேயே மற்றவர்களுக்குப் பாகம் கொடுத்தவராகிறார். ‘சமத்துவம் கணக்கிடப்படும்’ என்று நீங்கள் எழுதியதைப் படிக்கிற தம்பிமார், எல்லாவற்றையும் கூட்டி மூன்றால் வகுப்பார்கள் என்றே புரிந்துகொள்வார்கள். வித்தியாசம் 4 லட்சம். வக்கீல் அண்ணாச்சி சிரித்ததோடு விட்டது உங்கள் அதிர்ஷ்டம். வழக்கு நடக்கும்போதே தடையை மீறிக் கட்டியவருக்கு இந்தச் சலுகை கிடைக்காமல் போகலாம். ஆகவே ‘உரிமை’ என்ற சொல்லையும் இங்கே போடாதீர்கள். ‘தரப்பினருக்கிடையே சரிக்கட்ட வேண்டிய நியாயங்கள்’ என்பது நீளம்தான்; ஆனால் பிழையில்லை.

சொத்து விற்பனை ஒப்பந்த வழக்குகளில் ‘ஈக்விட்டபிள் ரிலீஃப்’ என்று வரும். ‘சமநீதிப் பரிகாரம்’ என்று போடலாம். இங்கே தேதியைப் பார்க்க வேண்டும். 1963ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 20ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்வது நீதிபதியின் விருப்புரிமை என்று வைத்திருந்தது. 2018 திருத்தம் அந்தப் பிரிவையே மாற்றிவிட்டது; அக்டோபர் 1, 2018 முதல் அமல். பழைய தீர்ப்பை மொழிபெயர்க்கும்போது விருப்புரிமை என்ற வாடை தெரிய வேண்டும். புதிய வழக்குக் குறிப்பில் அதைக் கொண்டுபோய் நுழைத்தால் சட்டம் தப்பாகிவிடும். ‘சுத்தமான கையோடு வா’ என்பது போன்ற சமநீதி முதுமொழிகளும் இந்தத் தீர்ப்புகளில் அடிக்கடி வரும். அவற்றை அப்படியே தமிழாக்கலாம். கை சுத்தம் என்ற வழக்கு நமக்கும் உண்டு.

இரண்டாம் தாளுக்குப் போக அடமானத்தின் வழியாகத்தான் போக வேண்டும். நியாயத்தைக் குறித்த சொல் பணத்தைக் குறிக்க ஆரம்பித்தது அங்கேதான். பழைய இங்கிலாந்து அடமானப் பத்திரம் கொடூரமானது. சொன்ன நாளில் பணம் கட்டாவிட்டால் நிலம் போயே போய்விடும். ‘மார்ட்கேஜ்’ என்ற சொல்லுக்கே பிரெஞ்சில் ‘செத்த பிணை’ என்றுதான் பொருள். கெடு தாண்டினாலும், நியாயமான காலத்துக்குள் அசலும் வட்டியும் கொண்டுவந்தால் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டில் சான்சரி நிலைநாட்டியது. அந்த உரிமைக்கு ‘ஈக்விட்டி ஆஃப் ரிடெம்ப்ஷன்’ என்று பெயர் வந்தது. தமிழில் ‘மீட்புரிமை’. நம் நாட்டில் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 60ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஒத்திப் பத்திரத்தில் ‘கெடுவுக்குள் மீட்காவிட்டால் இதுவே கிரயம்’ என்று ஒரு வரி எழுதிவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மீட்புரிமைக்குப் பூட்டுப் போடுகிற வரி அது, கோர்ட்டில் நிற்காது. (நிபந்தனைக் கிரயமாகவே எழுதிய பத்திரம் வேறு வகை, அதை இதோடு கலக்க வேண்டாம்.) ஆங்கிலத்தில் அந்த வரியைத்தான் ஈக்விட்டியின் மேல் விழுந்த ‘கிளாக்’, அதாவது முட்டுக்கட்டை, என்பார்கள்.

மீட்புரிமைக்கு மதிப்பு உண்டு. அதை விற்கலாம், வாரிசுக்கு விடலாம். மதிப்பு எவ்வளவு? சொத்தின் விலையில் கடன் போக மிச்சம். 3 லட்சம் பெறுமான நகையை வைத்து 2 லட்சம் வாங்கியிருந்தால், அந்த நகையில் இன்னும் உங்களுடையதாக இருப்பது 1 லட்சம். அந்த மிச்சத்துக்கே ஈக்விட்டி என்று பெயர் ஒட்டிக்கொண்டது. கம்பெனிக்கும் அதே கணக்கு. கம்பெனிச் சொத்திலிருந்து கடனையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது உரிமையாளர்களுடையது. அந்த மிச்சத்தில் பங்கு வைத்திருப்பவர் ஈக்விட்டி பங்குதாரர். முன்னுரிமைப் பங்குக்காரர் குறிப்பிட்ட லாபத்தை முதலில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். கம்பெனியை மூடும்போதும் அவர் முன்வரிசை. ஈக்விட்டிக்காரர் கடைசிப் பந்தி. மிஞ்சினால் முழுக்க அவருக்கு. மிஞ்சாவிட்டால் வெறும் இலை.

இந்த இடத்தில்தான் நம் மொழி ஓர் ஆச்சரியம் வைத்திருக்கிறது. ‘ஈடு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஈடு இணை இல்லாத’ என்றால் சமம். ‘இழப்பீடு’, ‘நஷ்டஈடு’ என்றால் குறைந்ததைச் சரிக்கட்டுவது. ‘ஈடு வைத்தான்’ என்றால் அடமானம். ஆங்கிலத்தில் ஒரு சொல் பல நூற்றாண்டு நடந்து கடந்த மூன்று இடத்திலும் நம்முடைய ஒரு சொல் ஏற்கெனவே காலூன்றி நிற்கிறது. அதற்காக ஈக்விட்டி ஃபண்டுக்கு ‘ஈட்டு நிதி’ என்று போட்டுவிடாதீர்கள். நகைக்கடன் திட்டம் என்று நினைத்து ஆள் வருவார்கள். சொல்லின் நடமாட்டத்தைப் புரிந்துகொள்ள ‘ஈடு’ உதவும், அவ்வளவுதான்.

வணிகவியல் பாடப் புத்தகங்களில் ‘நேர்மைப் பங்கு’ என்று இருக்கும். மீதிப் பங்கெல்லாம் நேர்மையில்லாததா என்று பிள்ளைகள் கேட்டால் வாத்தியார் என்ன சொல்வார்? ‘சமபங்கு’ என்பது அதைவிடத் தொல்லை. ஆளுக்குச் சரிபாதி என்று படும். தேர்வெழுதும் மாணவருக்கான குறிப்பு என்றால் பாடப் புத்தகச் சொல்லையே வையுங்கள். முதலீட்டுக் குறிப்பு என்றால் ‘பங்கு’ என்றாலே போதும்: பங்கு முதலீடு, பங்குச் சந்தை ஃபண்ட். வருமான வரிக் கணக்கில் ஈக்விட்டி சார்ந்தது என்று பெயர் வாங்க, அந்த ஃபண்டு குறைந்தது 65 சதவீதத்தை உள்நாட்டு நிறுவனங்களின் பங்குகளில் போட்டிருக்க வேண்டும். படிப்பவருக்கு வேண்டிய தகவல் அதுதான், நியாய அநியாயம் அல்ல. வங்கி, கம்பெனிக் கணக்கில் தனியாக ‘ஈக்விட்டி’ என்று ஒரு வரி வந்தால் ‘உரிமையாளர் முதல்’. வீட்டுக்கடன் தாளில் வந்தால் ‘கடன் போக மிச்ச மதிப்பு’. 40 லட்சம் வீட்டுக்கு 25 லட்சம் கடன் பாக்கி என்றால் 15 லட்சம். விலை இறங்கி 22 லட்சத்துக்கு வந்தால் மிச்சம் மைனஸ் 3 லட்சம். அதையும் ஆங்கிலத்தில் ‘நெகட்டிவ் ஈக்விட்டி’ என்றே சொல்வார்கள். நியாயத்துக்கு மைனஸ் உண்டா? இதைவிட நல்ல பரீட்சை கிடையாது: மைனஸ் போட முடிந்தால் அது பணம், முடியாவிட்டால் நியாயம்.

மூன்றாம் தாள்தான் உங்களுக்கு அதிகம் இடித்திருக்கும் என்று நினைக்கிறேன். ஈக்வாலிட்டி என்றால் எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பது. ஈக்விட்டி என்றால் எல்லாரும் ஒரே நிலைக்கு வரும்படி கொடுப்பது, அளவு மாறும். வேலிக்குப் பின்னால் மூன்று உயரத்தில் மூன்று பேர் பெட்டி மேல் நின்று ஆட்டம் பார்க்கும் படத்தை இதற்கு எல்லாரும் காட்டுவார்கள். எனக்கு அந்தப் படத்தில் திருப்தியில்லை. குட்டையாக இருப்பது அந்த ஆளின் குறை மாதிரி ஆகிவிடுகிறது. உங்கள் கையேட்டுக்கு அந்தப் படமே வேண்டாம். கன்னடியன் கால்வாய்க்காரர்களிடம் தலைமடை, கடைமடை என்று சொன்னால் போதும்.

எல்லாருக்கும் முறை 8 மணி நேரம் என்று வையுங்கள். வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. மடையைத் திறந்து கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்து சேரவே ஒன்றரை மணி நேரம். தலைமடைக்காரர் 8 மணி நேரம் பாய்ச்சுகிறார், கடைமடைக்காரர் ஆறரை மணி நேரம். வழியில் மண் குடித்தது வேறு. நேரம் சமம், தண்ணீர் சமமில்லை. கடைமடை முறையை ஒன்பதரை மணி என்று வைத்தால் நேரம் சமமில்லை, தண்ணீர் கிட்டத்தட்டச் சமம். வடக்கே வாராபந்தி என்ற முறைப்பாசனத்தில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. வாய்க்கால் நிரம்புவதற்கு ஆகும் நேரத்தைப் ‘பராய்’ என்று தனியாகக் கணக்கிட்டு, நிரப்ப வேண்டியவருக்குக் கூட்டிக் கொடுப்பார்கள். நம் நஞ்சை ஊர்களில் முன்பு இருந்த கரையீடும் இந்த ஜாதிதான்: ஊர்ப் பொது நிலத்தைக் கரைகரையாகப் பிரித்து, சீட்டுப் போட்டு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்வார்கள். மேட்டு வயலே ஒருவர் தலையில் விடிந்துவிடாது.

இங்கே மொழிபெயர்ப்பில் நடக்கும் விபத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். ஈக்விட்டியை விளக்கும்போது ‘கடைமடைக்குக் கூடுதல் தண்ணீர்’ என்று எழுதிவிடுவார்கள். அது பொய். கூடுதல் நேரம்தான், தண்ணீர் அதே தண்ணீர். பிசான நெல் சாகுபடி நேரத்தில், அணையில் தண்ணீர் குறைந்திருக்கும்போது, ‘அவனுக்கு மட்டும் ஏன்வே கூடுதல் தண்ணி?’ என்று சங்கக் கூட்டம் பாதியில் கலைய அந்த ஒரு சொல் போதும். எது கூடுகிறது, எது சமமாகிறது என்பதை இரண்டு தனிச் சொல்லாக எழுதிவிடுங்கள். தேர்வு உதாரணம் வேண்டுமென்றால் அதுவும் அப்படித்தான். பார்வையற்ற மாணவர் எழுத்தர் வைத்து எழுதும்போது மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் கொடுக்கச் சொல்கின்றன மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள். 3 மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம். கூடுவது நேரம், கேள்வித்தாளும் மதிப்பெண்ணும் அதே.

சொல்லுக்கு வருவோம். ‘ஒப்புரவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அழகான பழைய சொல். ஆனால் பாளையங்கோட்டை, தூத்துக்குடிப் பக்கம் தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கு ஒப்புரவு என்றால் பகை தீர்ந்து சமாதானமாவது. பாவசங்கீர்த்தனத்தோடு சேர்ந்து காதில் விழுகிற சொல். தண்ணீர்ச் சண்டைக்காரர்களைக் கைகுலுக்கச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். தமிழ் வேதாகமமோ வேறு வழியில் போனது. 98ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு ‘ஈக்விட்டி’ என்று வைத்த இடத்தில் ‘நிதானம்’ என்று இருக்கிறது: ஜனங்களை நிதானத்தோடு நியாயந்தீர்ப்பார். ஏறாமல் இறங்காமல், அளந்து பார்த்து என்ற பொருளில் மிகப் பொருத்தமான சொல். இன்றைக்கு நிதானம் என்றால் பொறுமை, மெதுவாக என்று ஆகிவிட்டதால் நமக்கு உதவாது. கையேட்டுக்கு நான் சொல்வது: பொருளைப் பங்கிடும் இடத்தில் ‘நியாயப் பங்கு’; கொள்கையாகச் சொல்லும் இடத்தில் ‘நிலையறிந்த நியாயம்’. உங்கள் வரி இப்படி வரும்: ‘எல்லாருக்கும் ஒரே அளவு என்பது போதாது, அவரவர் நிலையறிந்த நியாயப் பங்கு வேண்டும்.’

இரண்டு சின்ன எச்சரிக்கை. ‘இனீக்விட்டி’, ‘இனிக்விட்டி’ என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல் உண்டு. எழுத்தில் ஓரெழுத்துத்தான் வித்தியாசம். முதலாவது நியாயக் குறைவு, ஏற்றத்தாழ்வு. இரண்டாவது பாவம், வேதாகமத்தில் ‘அக்கிரமம்’ என்று வருவது. மருத்துவ வசதியில் உள்ள ஏற்றத்தாழ்வைப் பற்றிய அறிக்கையில் ‘அக்கிரமம்’ என்று போட்டால் அறிக்கை எழுதியவர் பிரசங்கம் செய்தவர் ஆகிவிடுவார். அடுத்தது ‘ஃபேர்’. அது லத்தீன் குடும்பமே அல்ல. ‘அழகான’ என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ஆகவேதான் ‘ஃபேர் காப்பி’ என்றால் அடித்தல் திருத்தல் இல்லாத சுத்தப் பிரதி, சிவந்த நிறமும் ஃபேர், ரேஷன் கடையும் ஃபேர் பிரைஸ் ஷாப். நம் ‘செம்மை’க்கும் சிவப்பு, நேர்மை, அழகு என்று மூன்று முகம் உண்டே, அந்த மாதிரி. ஊர்த் திருவிழாச் சந்தையைச் சொல்லும் ‘ஃபேர்’ வேறு வேர். அன்றாடப் பேச்சில் ஃபேர் என்று வந்தால் ‘நியாயம்’ என்று போட்டுவிட்டுப் போகலாம், ஆராய்ச்சி வேண்டாம்.

தீர்ப்பாணை வரியை மட்டும் திருத்திக் கொடுக்கிறேன். மற்ற இரண்டையும் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். ‘தரப்பினருக்கிடையே சரிக்கட்ட வேண்டிய நியாயங்கள், ஒதுக்கீடு, சரிக்கட்டும் தொகை ஆகியவை இறுதித் தீர்ப்பாணை நடவடிக்கையில் தீர்மானிக்கப்படும்.’ மூலத்தில் ஓவெல்டி என்ற சொல் இருந்தால் மட்டும் ‘சரிக்கட்டும் தொகை’யை வையுங்கள், இல்லையென்றால் அதை எடுத்துவிடுங்கள். கோர்ட்டுத் தாளில் நாமாக ஒரு சொல் கூட்டக் கூடாது.